வீட்டுக் கணினியில் கிற்றார் ஒலிப்பதிவு

பாட்டொன்றைப் பதிவுசெய்ய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணித்தியாலக் கணக்கில் பணம் கட்டத் தேவையில்லை. வீட்டுக் கணினியே போதும். ஆனால் மின்கிற்றாரை நேரே கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி மங்கி இரையும். கிற்றார் உள்ளீடுள்ள சிறிய ஒலி இடைமுகக் கருவியை யூஎஸ்பி வயரால் இணையுங்கள். 2000இல் வெளிவந்த ஓடாசிற்றி மென்பொருள் இன்றும் இலவசமே.

முதலில் தாளம், அதன்மேல் பேஸ், பிறகு கிற்றார், கடைசியில் குரல் என ஒவ்வொன்றாகப் பதியலாம். ஒலியளவு உச்சத்தைத் தொட்டால் ஒலி உடையும். பின்னர் சீராக்குவது கடினம். ஆகவே சற்றுக் குறைத்தே வையுங்கள். பேஸின் தடித்த தந்தி விநாடிக்கு 41 தடவையே அதிரும். சிறிய ஸ்பீக்கரில் அது சரியாகக் கேளாது; ஹெட்போனில் கேளுங்கள்.

மின்கிற்றார் தானாகப் பெரிய சத்தம் எழுப்பாது. வேலை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின்னும் நீங்கள் தனியே முழுப்பாட்டையும் உருவாக்கலாம்.