பாட்டியின் நடையை எண்ணும் கருவி

ஆனேக்கல் பெங்களூரு நகர மாவட்டத்தில் இருக்கிறது. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகள் இந்தத் தாலுகாவில்தான் உள்ளன. பல வீடுகளில் மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் மட்டும் வீட்டில் இருக்கிறார்கள்.

பகல் முழுவதும் பாட்டி எவ்வளவு நடந்தார்? எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருந்தார்? மாலையில் கேட்டால் அவருக்கே நினைவு இருக்காது. இதைக் கண்டறிய ஒரு சிறு கருவி உண்டு. கைக்கடிகாரம் போலக் கட்டிக்கொள்ளலாம். இடுப்பிலும் மாட்டலாம்.

கருவி எப்படி எண்ணுகிறது?

பேருந்தில் போகிறோம். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். நம் உடல் முன்னால் சாய்கிறது அல்லவா? கருவிக்குள் சென்சார் என்ற உணரும் பகுதி இருக்கிறது. அதில் தலைமுடியை விட மெல்லிய துண்டுகள் உள்ளன. உடல் குலுங்கினால் அவையும் அசையும். அந்த அசைவு மின்குறியாக மாறும். அதை வைத்துக் கருவி அடிகளை எண்ணும்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமா?

1965இல் ஜப்பானில் இப்படி ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயருக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். அந்த எண் உலகம் எங்கும் பரவியது. ஆனால் முதியோருக்கு அது கட்டாயம் இல்லை.

2019இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 16,000க்கும் மேற்பட்ட வயதான பெண்கள் ஏழு நாள் கருவி அணிந்தார்கள். அவர்களின் சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களை விட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

கருவியும் தவறும்

மிக வயதானவர்கள் காலை இழுத்து மெல்ல நடப்பார்கள். அப்போது குலுக்கல் குறைவு. கருவி சில அடிகளை எண்ணாமல் விட்டுவிடும். வாக்கரைப் பிடித்து நடந்தால் கை வீசாது. கையில் கட்டிய கருவி குறைவாகக் காட்டும். இவர்களுக்குக் கணுக்காலில் கட்டுவது நல்லது. பூக் கட்டுவதும் கீரை ஆய்வதும் அடிக் கணக்கில் வராது. அதனால் பாட்டி சும்மா இருந்தார் என்று சொல்லலாமா?

ஆகவே, பாட்டியை மற்றவரோடு ஒப்பிட வேண்டாம். போன வாரத்துப் பாட்டியோடு இந்த வாரத்துப் பாட்டியை ஒப்பிடுங்கள். சில நாட்களாக நடை குறைந்திருக்கிறதா? காரணம் கேளுங்கள். மூட்டு வலியா? தலைச்சுற்றலா? கண் மங்கலா? விழுந்துவிடுவோம் என்ற பயமா? உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

"வயதாகிவிட்டது, பேசாமல் உட்காருங்கள்" என்று அன்பாகச் சொல்கிறோம். உட்கார்ந்தே இருந்தால் கால் தசை மெலியும். பலம் குறைந்தால் விழுவார்கள். விழுந்த பயத்தில் நடையையே விட்டுவிடுவார்கள். கொஞ்சம் அசைந்தாலும் அசையாததை விட நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது.

கருவி இல்லாவிட்டால்?

கடிகாரம் போதும். 2017, 2018இல் நம் நாட்டில் முதியோர் பற்றிய பெரிய ஆய்வு நடந்தது. நான்கு மீட்டர் நடக்க எத்தனை நொடி ஆகிறது என்று அதில் அளந்தார்கள். நீங்களும் அளக்கலாம். வழுக்காத இடமாகப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை நொடிக் கணக்கைக் காலண்டரில் எழுதுங்கள்.

கருவியோ கடிகாரமோ, முதலில் பெரியவரிடம் சம்மதம் கேளுங்கள். நடப்பது அவர். கணக்கும் அவருடையது.