பாலைவழியில் ஓர் அறம்

மாணவர்களே! அரண்மனையில் வாழ்ந்த ஒருவர், முன்பின் அறியாத வழிப்போக்கரின் தாகத்தை எண்ணிப் பார்த்தார். அவர் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பாக்தாத் நகரை கி.பி. 762இல் நிறுவியவர், அப்பாசிய மரபைச் சேர்ந்த கலீபா அல் மன்சூர். அவர் தம் பேத்தியைச் ‘சிறு வெண்ணெய் உருண்டை’ என்னும் பொருள்படச் சுபைதா என்று அழைத்தார். அச்செல்லப் பெயரே நிலைத்தது. சுபைதா தம் உறவினரான ஹாரூன் அல் ரஷீதை மணந்தார். ஹாரூன் 786இல் கலீபா ஆனார்.

அக்காலத்தில் ஹஜ் பயணிகள் ஈராக்கின் கூஃபா நகரிலிருந்து மக்காவுக்குப் பாலைநிலத்தின் வழியே சென்றனர். அவ்வழி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளமுடையது. நீர் கிடைக்காவிடில் மனிதரும் ஒட்டகங்களும் மடிய நேரிடும். சுபைதா தம் செல்வத்தைக் கொண்டு அவ்வழியில் கிணறுகளும் மழைநீர்த் தேக்கங்களும் தங்குமிடங்களும் அமைத்தார். இன்றும் அது ‘சுபைதா வழி’ என்றே வழங்கப்படுகிறது.

மக்காவிலும் நீர்ப் பஞ்சம் இருந்தது. நகருக்கு வெளியேயுள்ள மலைப்பகுதியின் ஊற்றுகளிலிருந்து நீர் கொணரச் சுபைதா முனைந்தார். நீர் தானே வழிந்தோடும் வகையில் பாறையைக் குடைந்தும் கல்லடுக்கியும் சீரான சரிவுடன் கால்வாய் அமைத்தனர். செலவைக் கண்டு சுபைதா பின்வாங்கவில்லை.

அவர் வாழ்வில் துயரமும் நேர்ந்தது. 809இல் கணவர் இறந்தார். அதன்பின் மகன் அல் அமீனுக்கும், ஹாரூனின் மற்றொரு மகனான அல் மஃமூனுக்கும் போர் மூண்டது. 813இல் அமீன் கொல்லப்பட்டார். ஆட்சி மஃமூனுக்குச் சென்றது. மகனை இழந்த சுபைதா 831இல் மறைந்தார்.

மகனின் அரியணை நான்கே ஆண்டுகளில் பறிபோயிற்று. சுபைதா அமைத்த கால்வாயோ, பலமுறை செப்பனிடப்பட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்காவுக்கு நீர் தந்தது. அவர் மறைந்து 350 ஆண்டுகளுக்குப் பின் அவ்வழியே சென்ற இப்னு ஜுபைர் என்னும் பயணி, சுபைதாவின் அறச்செயல்கள் இல்லையேல் அவ்வழியில் எவரும் செல்ல இயலாது என்று எழுதி வைத்தார்.

அரியணை ஒருவருக்கே உரியது. வழியிலுள்ள நீர் வருவோர் அனைவருக்கும் உரியது.

சிந்தித்து எழுதுக: நீங்கள் இப்போது வாழும் ஊரில் முன்னோர் வெட்டிய குளம், கிணறு, படிக்கிணறு ஏதேனும் உண்டா? அதனை அமைத்தவர் யார் எனப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்கள் எழுதுக.