துவர்ப்பில் தங்கிய வெயில்

நாவற்பழம் தின்ற நாக்கு நமக்குத் தெரியும். நிறம் ஏறி, மேலண்ணம் இறுகி, சற்றுப் பொறுத்து மெல்ல ஓர் இனிப்பு எழும். பாந்தோல் சிவப்பு ஒயினின் முதல் மிடறு எனக்கு அதைத்தான் நினைவூட்டியது.

பிரான்சின் தெற்கே, மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவே, மத்தியதரைக் கடலோரச் சிற்றூர் பாந்தோல். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மணி நேரம் வெயில் காயும் பூமி. சுற்றிலுமுள்ள குன்றுச் சரிவுகளில் கல் அடுக்கிப் படிப்படியாக நிலம் திருத்தியிருக்கிறார்கள். அங்கே மூர்வெத்ர் என்ற திராட்சைக்குத்தான் முதல் மரியாதை. தோல் தடித்த, சிறிய கருநீலப் பழம். மற்ற ரகங்களைவிடப் பிந்திப் பழுக்கும். வெயில் போதாத ஊரில் கனியாது. வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று, கொத்துகளில் ஈரம் தங்கி அழுகிவிடாமல் உலர்த்துகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஃபிலோக்ஸெரா பூச்சி வேரைத் தாக்கித் தோட்டங்களை அழித்தது. மறுபடி நட்டவர்களில் பலர், எளிதில் விளைந்து அதிகம் காய்க்கும் ரகங்களுக்கு மாறினார்கள். மூர்வெத்ரை மீட்டதில் தாம்பியே தோட்டத்து லூசியன் பேரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1941இல் பாந்தோல் ஒயினுக்கு ஊர்ப்பெயரைத் தாங்கும் சட்ட உரிமை கிடைத்தது. இன்றைய விதிப்படி, சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வெத்ர் இருக்க வேண்டும். பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். ஒயின் குறைந்தது 18 மாதம் மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு ருசியில் தெரிகிறது. இளசு ஒன்று, பத்து வருடம் கண்டது ஒன்று என இரு கோப்பைகளை அருகருகே வைத்துச் சுவைத்தேன். இளசில் மிளகுக் காரம், கரும்பழ வாசம், ஈறைக் கவ்வும் துவர்ப்பு. மூத்ததன் விளிம்பில் செங்கல் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் பதனிட்ட தோலும் காய்ந்த மூலிகையும் மணந்தன. துவர்ப்பு மறையவில்லை, முரடு போய்ப் பதமாகியிருந்தது. பழத்தோலும் விதையும் தரும் டானின்தான் இந்தத் துவர்ப்பு. அதை அறுசுவையில் ஒன்றாக வைத்துப் போற்றிய நாக்குக்கு, இந்த ஒயினைப் புரிந்துகொள்ளத் தனிப் பாடம் வேண்டாம்.

அருந்தும் வழக்கமுள்ளவர்கள், இளம் பாந்தோல் கிடைத்தால் இரண்டு மணி நேரம் முன்பே வாயகன்ற ஜாடியில் ஊற்றிக் காற்றாட விடுங்கள். 16 முதல் 18 டிகிரி குளிர்ச்சி போதும். சுட்ட ஆட்டுக்கறி நல்ல துணை. கொழுப்பு பட்டதும் துவர்ப்பு இளகும். மிடறை உடனே விழுங்காமல் வாயில் சற்று நிறுத்துங்கள். பொறுத்தவருக்குத்தான் அந்தக் கடைசி இனிப்பு கிடைக்கும்.