பதினோரு படுக்கைகளின் துணிவு

1976ஆம் ஆண்டில், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பெரும்பாலோர் சாய்வு நாற்காலியை நாடுகிற வயதில், டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்து, குடும்பத்தாரின் உழைப்பையே பெரிய மூலதனமாகக் கொண்டு ஆரம்பித்த அந்த ஸ்தாபனந்தான் அரவிந்த் கண் மருத்துவமனை. சமூக சேவையையும் வியாபார நிர்வாகத்தையும் ஒரே நுகத்தில் பூட்ட விரும்பும் இளைஞர்கள், இது நிலைக்குமா என்ற சந்தேகத்தோடு பேசும்போதெல்லாம், அந்த மனிதருக்குத் துணிவு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு.

அது பிறவியிலேயே வாய்த்ததாகத் தோன்றவில்லை. வாலிபத்தில் முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கிவிட்டது. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற ஆசையும் அதோடு போயிற்று. பேனாவைப் பிடிக்கவும் சிரமப்பட்ட அதே விரல்களைக் கொண்டு, உடலிலேயே மிக நுட்பமான உறுப்பில் கத்தி வைக்கப் பழகிக்கொண்டு, தம் ஆயுளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அவர் அறுவை செய்தார். அரசுப் பணியில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர். கண்புரையால் பார்வை இழந்தோருக்கு ஒரு சிறு அறுவையால் பார்வை மீள்வதைக் கணக்கற்ற முறை தம் கண்ணால் கண்டவர். ஆகவே, அயலார்க்கு அசாத்திய சாகசமாகப் பட்ட 11 படுக்கைகள், அவருக்குப் பல ஆண்டு அப்பியாசத்தின் அடுத்த படியாகவே இருந்திருக்கும். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும், இருவருமே கண் மருத்துவர்கள், தோளோடு தோள் நின்றது மற்றொரு பலம்.

ஆனால் கைத்திறமையும் சுற்றத்தின் துணையும் மட்டும் ஒரு ஸ்தாபனத்தை நிலைநிறுத்திவிட மாட்டா. தருமத்துக்கு நடத்தும் ஆஸ்பத்திரி நன்கொடையை எதிர்பார்த்தே நின்றால், கொடுப்பவர் கை சுருங்கும்போது சிகிச்சையும் சுருங்கிப்போகும். அரவிந்திலோ, கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் மிஞ்சுவது இலவச நோயாளிகளின் செலவை ஏற்றது. கட்டணமா, இலவசமா என்பதை வருமானச் சான்று ஏதும் காட்டாமல் நோயாளியே தீர்மானித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். இலவசமாகவே கிடைக்கக்கூடிய ஒரு சிகிச்சைக்கு, வசதியுள்ளவர் மனமுவந்து பணம் கட்டுகிறார் என்றால், பரிசுகளும் பாராட்டுரைகளும் தர இயலாத ஓர் அத்தாட்சியை அவர் அந்த ஸ்தாபனத்துக்குத் தருகிறார் அல்லவா? அந்த அத்தாட்சி தினந்தோறும் கணக்குப் புத்தகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்க்கிறவனுக்கு நாளையைப் பற்றிய பயம் தானாகவே குறையும்.

அப்படி வளர்ந்த தைரியந்தான், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட காலத்தில், அதை மதுரையிலேயே செய்து பார்ப்போம் என்று சொல்ல வைத்தது. 1992இல் இதற்கென அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் என்ற தொழிற்கூடம் அந்த விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கிற்று.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. அறுவை இலவசம் என்று அறிவித்தும், பார்வை குன்றிய ஏழைகள் பலர் வரவில்லை. அதை ஜனங்களின் அறியாமை என்று தள்ளிவிடாமல், ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பஸ் கட்டணம், பட்டணத்தில் சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருகிறவர் இழக்கும் நாள்கூலி ஆகிய இவையே வழியை அடைத்திருந்தன. தம் ஏற்பாட்டின் குறையை இவ்வாறு நேருக்கு நேர் பார்க்க முடிந்தவர்களுக்கு, அடுத்த வேலை இன்னதென்று தெரிந்துபோயிற்று. முகாமிலிருந்து நோயாளிகளை வண்டியில் ஏற்றி வந்து, சோறு போட்டு, அறுவை முடித்து, மீண்டும் அவரவர் ஊர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களைக் கைப்பிடித்து நடத்திச் செல்ல, அத்தகைய கிராமங்களிலிருந்தே வந்த இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.