காலதரும் திரைச்சீலையும்

சாளரத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. மானின் கண்போன்ற காலதர்களையுடைய மாளிகைகளைச் சிலப்பதிகாரம் காட்டும். போர்த்துக்கேயர் வழிவந்த யன்னல் என்னும் சொல்லே இன்று எம்மிடை வழங்குகின்றது. பெயர் மாறியதிற் குறையில்லை. காற்றின் வழி என்பதை மறந்து திரையிடுவதே குறை.

பாலமுனையில் யன்னற்றிரை வெறும் அலங்காரமன்று. தெருவிற் செல்வோர் பார்வையினின்றும் இல்லத்தாரைக் காக்கும் மறைப்பு. ஆயினும், கச்சான் வீசும் மாதங்களிலே கனத்த திரைக்குப் பின்னே பகல் முழுதும் புழுங்குவோர் பெண்களும் குழந்தைகளுமே. மறைப்பும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டையும் தையற்காரர் ஒருவரே தந்துவிட இயலாது.

அண்மையில் என் நண்பராகிய ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திரைகளை மாற்ற எண்ணி என்னிடம் ஆலோசனை கேட்டார். துணி வாங்குமுன் ஓடாவியாரையும் மேசனையும் மின்வேலை செய்பவரையும் ஒருங்கே அழைக்குமாறு கூறினேன். ஒரு மாலைப் பொழுதிலே மூவரும் கூடினர். தெருப்பக்க யன்னற் கதவை மேல், கீழ் என இரண்டாகப் பகுத்தால், கீழ்ப்பாதிக்கு மாத்திரம் திரையிட்டு மேற்பாதியைக் காற்றுக்குத் திறந்து வைக்கலாம் என்றார் ஓடாவியார். படுக்கையறையின் முழுத்திரைக்குரிய தண்டைத் தாங்க, கொங்கிறீற்று விட்டத்தில் எங்கே துளையிடலாம் என்று மேசன் குறித்தார். சுவருக்குள்ளே வயர் செல்லும் வழியை மூன்றாமவர் சுண்ணக்கட்டியாற் கீறிக் காட்டினார். அதனை அறியாது துளையிட்டால் உயிருக்கே ஆபத்தன்றோ!

அதன் பின்னரே துணியைப் பற்றிப் பேசினோம். அயலிலுள்ள மருதமுனைக் கைத்தறித் துணி இவ்வெப்பத்துக்கு ஏற்றது. பருத்தியாதலின், நனைத்து உலர்த்திய பின்பே வெட்டவேண்டும். இல்லையேல் தைத்தபின் சுருங்கும். மடிப்பு அழகாக விழ, 4 அடி அகல யன்னலுக்கு 8 அடி அகலத் துணி வேண்டும். கடலின் உப்புக் காற்றிலே இரும்புத் தண்டு துருவேறித் துணியைக் கறைப்படுத்தும், மரத்தண்டே நன்று.

கட்டடமும் துணியும் ஒன்றையொன்று அறிந்து அமைதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1960களின் இறுதியில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பெந்தோட்டையில் அமைத்த கடற்கரை விடுதியின் முகப்புக் கூடத்துக் கூரையின் உட்புறத்தை அணிசெய்தவை எனா டி சில்வாவின் பத்திக் துணிகளே.

வீட்டு வேலையிலே திரை இறுதியாகத் தொங்குவது. அதுபற்றிய பேச்சோ முதலிலேயே நிகழவேண்டுவது. சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தில் வீட்டைத் திருத்தும் நம்மனோர் இதனை மனத்திற் கொள்வாராக.