ஊகித்த அறைக்கு மார்க் போடுவது

சந்தாபுரா வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டிலிருந்து மீட்டிங்கில் பேசினால் குரல் முழங்குகிறதாம், பல மைக் வைத்த கருவி முழக்கத்தை நீக்கும் என்கிறார்களே, அது அறையைச் சரியாகப் புரிந்துகொண்டதா என்று எப்படிச் சொல்வது?

கைதட்டினால் அறை திருப்பித் தரும் ஒலியை எண்களாக எழுதலாம். முழக்கம் அரை விநாடி நீடித்தால், விநாடிக்கு 16,000 மாதிரி என்ற கணக்கில் மைக் ஒன்றுக்கு 8,000 எண்கள். கருவியிடம் அவை இல்லை. பேசியவரின் அசல் குரலும் இல்லை. ஆனாலும் ஒரு பிடி உண்டு. முதல் மைக்கின் பதிவை இரண்டாவது மைக்கின் எண்களாலும், இரண்டாவதன் பதிவை முதலாவதன் எண்களாலும் வடித்தால், விடை ஒன்றாகவே வரவேண்டும். அப்படி வரும்வரை எண்களைத் திருத்திக்கொண்டே போகிறது கருவி.

எனக்குப் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். பேசியவர் மெல்லப் பேசினாரா, அறை ஒலியைக் கூட்டியதா என்று கருவியால் பிரிக்கவே முடியாது. கிடைக்கும் விடை அசலைப்போல் இரு மடங்காகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். நேரடியாகக் கழித்துப் பார்த்தால் சரியான விடைக்கும் மார்க் குறைந்துவிடும். என் பாஸ்போர்ட் படமும் கல்யாண பேனர் படமும் ஒரே முகம்தானே? அளவை ஒத்துவைத்த பிறகல்லவா சாயலைப் பார்க்க வேண்டும்! மார்கன், பெனெஸ்டி, சோந்தி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1998-இல் சொன்ன என்.பி.எம். அளவுகோல் இதைத்தான் செய்கிறது: விடையை அசலுக்கு மிக நெருங்கும்படி நீட்டியோ சுருக்கியோ, மிஞ்சும் பிழையை மட்டும் டெசிபலில் சொல்லும். 0 என்றால் ஒன்றும் பிடிபடவில்லை. மைனஸ் 20 என்றால் பிழையின் ஆற்றல் அசலில் நூற்றில் ஒரு பங்கு. மூவரில் மன்மோகன் சோந்தி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். தொலைபேசி எதிரொலியை அழிக்கும் முறைக்கு பெல் ஆய்வகத்தில் வழிவகுத்தவர்களில் ஒருவர்.

இந்த மார்க்கைப் போட அசல் அறை தெரிந்திருக்க வேண்டும். அதனால் பலரும் கணினியில் கட்டிய அறையிலேயே சோதித்து முடித்துக்கொள்கிறார்கள். அங்கே மின்விசிறி சுற்றாது, யாரும் நாற்காலியை நகர்த்த மாட்டார்கள். தவிர, நல்ல மார்க் வாங்கிய விடையைத் திருப்பிப்போட்டு முழக்கத்தை நீக்கும்போது, சின்னப் பிழைகூடப் பெருகிக் குரலைக் கெடுக்கலாம். எலக்ட்ரானிக் சிட்டியில் இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளே, கிரானைட் தரை போட்ட ஒரு கல்யாண மண்டபத்திலும் அளந்து பாருங்கள். எண்ணோடு சேர்த்து, வெளிவந்த குரலையும் நாலு பேரைக் கேட்கச் சொல்லுங்கள்.