கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை என்ன செய்வது?

வைகாசி பிறந்து, இடவப்பாதி மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வரும் நாட்களில் திருவனந்தபுரத்தில் ஒரு காட்சியைப் பல தெருக்களிலும் பார்க்கலாம். முதல் நாள் மாலை காற்று வீசி அடித்திருக்கும். மறுநாள் காலையில் மாமரத்தடியிலோ, சாலைக் கடைத்தெருவில் ஏதாவதொரு அரிசிக்கடையின் வாசலிலோ ஒரு பறவைக் குஞ்சு கிடக்கும். சுற்றி நாலு பேர் கூடுவார்கள். "தண்ணீர் கொடு" என்பார் ஒருவர். "பால் ஊற்று" என்பார் இன்னொருவர். "மனுஷன் கை பட்டுவிட்டால் தாய் சேர்க்காது" என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். கடைசியில் இளகிய மனசுக்காரர் ஒருவர் அதைக் கைக்குட்டையில் பொதிந்து லாட்ஜ் அறைக்குக் கொண்டுபோவார். செருப்பு வந்த அட்டைப்பெட்டி, கிழிந்த பனியன், இங்க் ஃபில்லரில் பால் என்று உபசாரம் நடக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ குஞ்சு செத்துப்போகும். கொண்டுவந்தவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருடைய இரக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குஞ்சுக்குப் பெரும்பாலும் அவருடைய உதவியே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் விஷயம்.

கீழே கிடக்கும் குஞ்சுகளில் இரண்டு வகை உண்டு. உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் கட்டையாக, தத்தித் தத்தி நடப்பது ஒரு வகை. மைனா, கொண்டைக்குருவி, குண்டுகரிச்சான் ஆகியவற்றின் குஞ்சுகளை இப்படி அடிக்கடி காணலாம். இவை விழுந்தவை அல்ல. கூட்டை விட்டுத் தாமாகவே இறங்கியவை. சிறகு பலப்படும்வரை சில நாட்கள் தரையிலும் புதரிலும் திரியும். தாயும் தகப்பனும் பக்கத்து மதிலிலோ மின்கம்பியிலோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஆள் அகன்றதும் வந்து இரை ஊட்டும். இத்தகைய குஞ்சைத் தூக்கிக்கொண்டு போவது காப்பாற்றுவது ஆகாது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளையை அனாதை என்று எண்ணி அழைத்துப்போவது போன்றதுதான். பூனையோ நாயோ வண்டியோ வரும் இடமாக இருந்தால், எடுத்துப் பக்கத்துச் செடி மறைவில் விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவ்வளவே.

காகம் தலையில் கொத்திவிட்டது, சனி பிடித்துவிட்டது என்று கோயிலுக்கு ஓடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கொத்துப்பட்ட இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கூடு தெரியும். இல்லையென்றால் புதரில் வாய் சிவந்த ஒரு குஞ்சு உட்கார்ந்திருக்கும். சனி பகவானுக்கு இதில் சம்பந்தம் இல்லை. இரண்டு வாரம் அந்த வழியைத் தவிர்த்தால் போதும்.

மற்ற வகை, கண் திறக்காத, இறகு முளைக்காத சிவந்த குஞ்சு. இதற்குத்தான் உதவி வேண்டும். கூடு எட்டுகிற உயரத்தில் இருந்தால் எடுத்து அதிலேயே வைத்துவிடலாம். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கட்டுக்கதை. பறவைகள் தம் குஞ்சை அதன் குரலையும் கூடு இருக்கும் இடத்தையும் கொண்டே அறிகின்றன. மனித வாடை வீசுகிறதென்று தள்ளி வைப்பதில்லை. உடம்பு சில்லிட்டிருந்தால் இரு கைகளுக்குள்ளும் சற்று நேரம் பொத்தி வைத்துச் சூடேற்றிய பிறகு வைப்பது நல்லது.

கூடே காற்றில் பிய்ந்து போயிருந்தால் ஒரு சிறு கூடையை எடுத்துக்கொள்ளலாம். சின்னக் குருவியாக இருந்தால் சிரட்டையே போதும். அடியில் மழைநீர் வடிய ஓட்டை போட்டு, காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் வெயில் படாத கிளையில் கட்டிவிட வேண்டும். பிறகு தூரத்தில் நின்று ஓரிரு மணி நேரம் பார்க்க வேண்டும். கிட்டே நின்றால் தாய் இறங்காது. இந்தப் பொறுமைதான் நம்மவர்களுக்கு வருவதில்லை!

தண்ணீர், பால் விஷயம் முக்கியமானது. பறவையின் நாக்கின் அடியில்தான் மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. வாயைப் பிளந்து நாம் ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் போய்விடுகிறது. அட்டைப்பெட்டியில் சாகும் குஞ்சுகளில் பல இப்படி மூச்சு முட்டிச் சாகின்றன. பாலை ஜீரணிக்கும் சக்தி பறவைக்குக் கிடையாது. பால்சோறும் பாலில் நனைத்த ரொட்டியும் மனிதக் குழந்தைக்குத்தான் ஆகும்.

பழைய கட்டடங்களில் கூகைக் குஞ்சு விழுவதும் உண்டு. வெள்ளை முகமும் சீறுகிற சத்தமுமாக இருக்கும். சாக்குருவி என்று சொல்லி இதைக் கல்லால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூகை தின்பது பெரும்பாலும் எலி. சாலைக் கடைத்தெருவின் மண்டிக்காரர்கள் அதைக் கும்பிட்டால்கூடத் தகும். பகலில் காகங்கள் சூழ்ந்து கொத்தும் ஆதலால், மாலை வரை ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்து, இருட்டியதும் அதே இடத்தில் உயரமான திண்டில் விடலாம்.

நீர்ப்பறவைகளின் கதை வேறு. நாரை, நீர்க்காகம் முதலியவை கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். கீழே விழுந்த குஞ்சுக்குத் தாய் தரைக்கு வந்து இரை கொடுப்பதில்லை. இங்கே மனிதன் கை கொடுத்தால்தான் உண்டு. இதற்கு எடுத்துக்காட்டு தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் பலருக்கும் தெரிந்த, நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாவும் நாரையும் அங்கே வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை மிரளும் என்று ஊரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பால்பாண்டி என்பவரும் அவர் மனைவி வள்ளித்தாயும் மீன் ஊட்டி வளர்த்துத் திரும்பப் பறக்கவிட்டது நாடறிந்த செய்தி. ஊரோடு ஒட்டி, சரணாலயத்தின் நிழலில், பறவையின் தீனி அறிந்து செய்த வேலை அது. லாட்ஜ் அறையில் செய்யக்கூடியது அல்ல.

இதற்கு நேர்மாறாக, கேரளத்திலேயே மலப்புறம் மாவட்டத்தில் 2022இல் தேசிய நெடுஞ்சாலைப் பணிக்காக ஒரு மரத்தைக் கூடுகளோடு சாய்த்தார்கள். நீர்க்காகக் குஞ்சுகள் தார்ச்சாலையில் விழுந்து மடிந்தன. வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. மரம் வெட்டும் வேலைக்குப் போகும் நம் தொழிலாளர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கூடு இருப்பது தெரிந்தால் கோடாலி வைப்பதற்கு முன் மேஸ்திரியிடம் சொல்லிவிடுவது, நாளைக்குத் தனக்கே பாதுகாப்பு.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டுயிர் ஒன்று யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ உரிய வன அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கிளிக் குஞ்சு கிடைத்தது, கூண்டு வாங்கிவிட்டேன் என்பவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். விழுந்து கிடந்ததைத்தான் எடுத்தேன் என்ற சமாதானம் செல்லாது.

பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் தொடவே கூடாது. 2023 ஜனவரியில் இதே மாவட்டத்தில் அழூர் பஞ்சாயத்தில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. மற்றபடி எந்தக் குஞ்சைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்வது நலம்.

சிறகு ஒடிந்தது, ரத்தம் வடிவது, பூனை வாயிலிருந்து மீட்டது ஆகியவற்றை வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தாமதிக்கக் கூடாது. பூனைப் பல் பட்ட காயம் சிறியதாகத் தெரிந்தாலும் சீழ் வைத்துக் கொன்றுவிடும். மூச்சுக்கு ஓட்டை போட்ட மூடிய பெட்டியில், தீனி ஒன்றும் கொடுக்காமல், அரசு கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ கொண்டுபோக வேண்டும். வனத்துறைத் தலைமை அலுவலகம் வழுதக்காட்டில் இருக்கிறது. தம்பானூரிலிருந்து அதிக தூரமில்லை. போகும்போது குஞ்சு எந்தத் தெருவில், எந்த மரத்தடியில் கிடந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகவும். குணமானதும் அதைக் கொண்டுவந்து விட வேண்டிய இடம் அதுதான்.